ஊர் தெரியாத சந்தைப் படம்

படத்துக்குக் கண்ணாடி போடுகிறவனை ஊரில் யாரும் படம் தெரிந்தவன் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு படத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால் நேராக அவனிடம்தான் வருவார்கள்.

தர்மபுரிக் கடைவீதியில், பஸ் நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், யுத்தத்துக்கு முன்னும் பின்னுமாகப் பல வருஷம் எனக்கு அப்படி ஒரு கடை இருந்தது. இறந்துபோன மாமனாரின் போட்டோவைக் கொண்டுவந்து, "கண்ணு மூடியிருக்குது, திறந்து போட்டுக் குடுங்க" என்று கேட்டவர் உண்டு. குடும்பப் படத்தில் மூத்த மைத்துனர் நிற்கிற ஓரத்தை மட்டும் சட்டத்துக்குள் மடக்கிவிடச் சொன்னவர் உண்டு. கடை வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லித் தலை கிறுகிறுத்துப் போனவர்கள் இதைப் படித்தால் என் பாடு புரியும். அதெல்லாம் ஒரு நாள், இரண்டு நாள் குழப்பம். நான் சொல்லப்போவது, பத்து வருஷம் என் கடையை விட்டுப் போகாத ஒரே ஒரு படம் கொடுத்த குழப்பம்.

தகரக் குழாயில் வந்தது

யுத்தம் வருவதற்கு மூன்று வருஷம் இருக்கும். ஒரு நாள் மத்தியானம், சர்வே ஆபீசில் நிலப்படம் வரைகிற தேவசகாயம் என்பவர் கக்கத்தில் ஒரு தகரக் குழாயோடு கடைக்கு வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், ஒல்லியான ஆள். குழாயிலிருந்து சுருட்டிய காகிதம் ஒன்றை உருவி என் பலகைமேல் விரித்தார். ஒரு முழத்துக்கு மேல் அகலம். எல்லாம் கறுப்புக் கோடு. ஒரு பொட்டுச் சாயம் கிடையாது. பெரிய பட்டணம் ஒன்றின் நடுவில் கல் பாவிய மைதானம். சுற்றிலும் மாடி வீடுகள், அவற்றின் முகப்பெல்லாம் படிக்கட்டு மாதிரி மேலே போகப் போகக் குறுகுகின்றன. ஓரத்தில் கடிகாரம் வைத்த ஒரு கோபுரம். மைதானம் முழுக்கச் சந்தை. துணிப் பந்தல் போட்ட கடைகள், முட்டைக்கோஸ் மாதிரி எதையோ குவித்துவைத்து உட்கார்ந்திருக்கும் பெண்கள், மீன் பலகை, ஆளுயரத் தராசு, தொப்பி போட்ட ஆண்கள், ஒரு கூடையைக் கவிழ்த்துவிட்டு ஓடும் நாய்.

"இன்னும் சாயம் அடிக்கலீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "இது இவ்வளவுதாங்க. டச்சுக்காரன் ஒருத்தன் செம்புத் தகட்டுல கீறி அச்சுப் போட்டது. இருநூறு வருஷம் இருக்கும். சேலத்துல ஒரு துரை சீமைக்குப் போறப்ப சாமானெல்லாம் ஏலம் விட்டாங்க. எல்லாரும் நாற்காலியும் அலமாரியும் எடுத்தாங்க, நான் இதை எடுத்தேன்" என்றார். படத்தின் அடியில் கோணல் மாணலாக ஒரு வரி எழுத்து இருந்தது. அது இங்கிலீஷ் மாதிரி இருந்தது, ஆனால் இங்கிலீஷ் இல்லை என்றார். ஒரு நூல் அளவுகூட எங்கேயும் வெட்டக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். நல்ல கண்ணாடியாகப் போடச் சொன்னார். என்னிடம் அப்போது பெல்ஜியம் கண்ணாடி ஒன்று, குமிழியோ கீறலோ இல்லாமல், பெரிதாக இருந்தது. அதையே போடுவதாக ஒப்புக்கொண்டு ரசீது கொடுத்தேன். கிளம்பும்போது, "இது எந்தப் பட்டணம்ங்க?" என்று கேட்டேன். தேவசகாயம் சொன்னார்:

"எந்தப் பட்டணம்னு தெரிஞ்சிருந்தா ஏலத்துல எனக்கு விட்டிருப்பாங்களாங்க?"

ஆசாரியின் அளவு

எனக்குச் சட்டம் செய்து கொடுத்தவர் பச்சையப்ப ஆசாரி. கடைக்குப் பின்பக்கம் கூரைக்கடியில் அவருடைய பட்டறை. வேலையில் சுத்தம், அளவில்தான் அவருக்கென்று ஒரு தனி அபிப்பிராயம். நான் எழுதிக் கொடுக்கிற அளவைப் பார்க்க மாட்டார், கையால் சாணளந்து மனசில் வைத்துக்கொள்வார். இந்தப் படத்துக்கும் அப்படித்தான் செய்தார். நல்ல தேக்கில், மூலையில் ஒட்டுத் தெரியாமல் இழைத்த சட்டம். உயரத்தில் மட்டும் ஒரு விரற்கடை குறைவு.

நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது படம் சட்டத்துக்குள் அழகாக உட்கார்ந்திருந்தது. சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டே வந்தவன், அடியில் இருந்த எழுத்தைக் காணாமல் திகைத்தேன். ஆசாரி அந்த ஓரத்தை உளியால் ஒரே சீராக நறுக்கிவிட்டார். அடுப்பில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தவர், நறுக்கிய துண்டில் பாதியை நெருப்புக்குப் போட்டிருந்தார். மீதிப் பாதி தரையில் கிடந்தது. அதைப் பொறுக்கிப் படத்தின் பின்னட்டையில் ஒட்டிவைத்தேன். அவருக்கு வயசு அதிகம், கத்தவும் முடியவில்லை. "அந்தாளு வந்து கேட்டா நான் என்னங்க சொல்றது?" என்று மட்டும் கேட்டேன். ஆசாரி படத்தை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"எழுத்துதானுங்களே போச்சு. ஆள் ஒருத்தனும் போகலையே."

மூன்று ஊர்

சொன்ன நாளில் தேவசகாயம் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, ஒரு மாசம் போயிற்று. முதலில் எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது. அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியாமல் இருந்தவனுக்கு அவர் வராதது ஒரு சலுகைதான். ஆனால் மழைக்காலமும் போன பிறகு எனக்குப் பயம் வந்துவிட்டது. அடுத்தவர் பொருளை எத்தனை நாள் வைத்திருப்பது?

சர்வே ஆபீசுக்குப் போனேன். வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த குமாஸ்தா, தேவசகாயம் லீவு போட்டிருக்கிறார், திருப்பத்தூர்ப் பக்கம் போயிருப்பார் என்றார். உள்ளே இருந்தவர், அவருக்குக் கோயமுத்தூர் மாற்றலாகி ரொம்ப நாளாயிற்றே என்றார். ஹெட்கிளார்க் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு மலேயாவுக்குக் கப்பல் ஏறியதாகக் கேள்வி என்றார். வீட்டு விலாசம் கேட்டால் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். போனதைவிடக் குழம்பிப்போய் வெளியே வந்தேன். வாசலில் நின்ற பியூன் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, என்னோடு நாலடி நடந்துவந்து சொன்னார்:

"அவர் மூணு ஊருக்கும் போயிருக்கிறாருங்க. இப்ப எந்த ஊர்ல இருக்கிறார்ங்கறதுதான் தெரியல."

சாமி எங்கே?

வேறு வழியில்லாமல் படத்தைக் கடைச் சுவரில் மாட்டினேன். முருகன், லட்சுமி, சரஸ்வதி வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கேதான் ஆணி இருந்தது. காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகள் கல்யாணத்துக்குச் சாமி படம் வாங்க வந்தார். எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டு இதன் முன்னால் வந்து நின்றவர், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். நான் பதறிப்போய், "அது சாமி படம் இல்லீங்க. சீமைப் பக்கத்துச் சந்தை" என்றேன். அவர் கையை இறக்கவில்லை. கோபுரத்தைக் காட்டினார். அது மணிக்கூண்டு என்றேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியாது என்று நான் சொன்னதும் அவருக்கு நம்பிக்கை அதிகமாகிவிட்டது.

கடைசியில் முருகனை வாங்கிக்கொண்டார். ஆனாலும் படியிறங்குகிற வரைக்கும் திரும்பித் திரும்பி அதையே பார்த்தார். நான் தப்பாக ஏதோ சொல்லி ஒரு நல்ல சாமியை மறைக்கிறேன் என்பது போல என்னையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு சொன்னார்:

"இத்தனை ஜனம் கூடியிருக்குதே. சாமி இல்லாமயா கூடுவாங்க?"

எடது கை

கடத்தூர்ச் சந்தையில் ராகியும் சோளமும் அளக்கிற மாதையன் என்று ஒருவர். தர்மபுரிக்கு வந்தால் என் கடையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டுத்தான் போவார். சந்தைப் படம் என்று சொன்னதும் கிட்டப் போய்ப் பார்த்தார். அவர் வீடுகளைப் பார்க்கவில்லை, கோபுரத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வோர் ஆளின் கையையும் பார்த்தார். ரொம்ப நேரம் கழித்து, "இந்த ஊர்ல எல்லாரும் எடது கைக்காரங்களாங்க?" என்று கேட்டார். நான் இத்தனை மாசம் பார்த்தும் கவனிக்கவில்லை. தானியம் அள்ளுகிறவன் இடது கையால் அள்ளுகிறான். மீன் வெட்டுகிறவள் இடது கையில் கத்தி பிடித்திருக்கிறாள். காசு நீட்டுகிறவன் இடது கையால் நீட்டுகிறான். வாங்குகிறவளும் இடது கையையே நீட்டுகிறாள். கடிகாரத்தில் எண்கள்கூடத் தலைகீழ் வரிசையில் இருந்தன.

மாதையனுக்கு அது பொறுக்கவில்லை. இடது கையால் அளந்தால் விளைச்சல் எப்படி நிற்கும், வாங்குகிறவன் எப்படிச் சம்மதிப்பான் என்று என்னையே கேட்டார், ஏதோ நான் அந்த ஊர் மணியக்காரன் மாதிரி. அந்தச் சமயத்தில் நான் விற்பனைக்கு வைத்திருந்த முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று எதிர்ச் சுவரில் சாய்ந்திருந்தது. தற்செயலாக அதில் படத்தைப் பார்த்தேன். அதில் எல்லாரும் வலது கையால் சரியாக அளந்துகொண்டிருந்தார்கள். கடிகாரமும் ஒழுங்காக இருந்தது. மாதையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்குத் தெளிவு வரும் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்:

"நேர்ல பார்த்தா எடது கை, கண்ணாடியில பார்த்தா வலது கை. அப்ப அவன் சோறு எந்தக் கையில தின்னான், அதைச் சொல்லுங்க."

பாதிரியார் படித்தது

மாதா படத்துக்குச் சட்டம் மாற்ற ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் வந்திருந்தார். வயதானவர், தாடி மார்பு வரைக்கும். தமிழ் பேசுவார், புத்தகத்தில் எழுதியிருப்பது போலப் பேசுவார். அவருடைய ஊர் டச்சுக்காரர்கள் ஊருக்குப் பக்கம் என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. முதலில் அந்தக் கைச் சந்தேகத்தைக் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். செம்புத் தகட்டில் சித்திரக்காரன் கண்ணால் பார்த்தபடியே கீறிவிட்டான்; தகட்டைக் காகிதத்தில் அழுத்தும்போது எல்லாம் இடம் வலம் மாறிவிழும்; கவனமுள்ளவன் மாற்றிக் கீறுவான், இவன் எழுத்தை மட்டும் மாற்றிக் கீறியிருக்கிறான், ஆட்களுக்கு அந்தச் சிரமம் எடுக்கவில்லை என்றார். எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன்.

பிறகு படத்தை இறக்கி, பின்னட்டையில் ஒட்டியிருந்த பாதித் துண்டைக் காட்டினேன். இந்த ஊரின் பெயர் என்ன என்று தெரிந்தால் போதும், எனக்குப் பாதி வேலை குறையும் என்றேன். அவர் மூக்குக்கு நேராகப் பிடித்து, உதட்டை அசைத்துப் படித்தார். ஊர்ப் பெயர் எரிந்துபோன பாதியில் இருந்திருக்க வேண்டும் என்றார். அப்படியானால் இந்தப் பாதியில் என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவர் துண்டைத் திருப்பிக் கொடுத்தபடி சொன்னார்:

"பெரிய சந்தை என்று எழுதியிருக்கிறது. அது பெரிய சந்தை என்பது உமக்கே தெரிகிறது அல்லவா?"

யார் பக்கம்?

யுத்தம் வந்தது. ஜெர்மன்காரன் ஒவ்வோர் ஊராகப் பிடிப்பதாக டீக்கடையில் பேப்பர் படித்தார்கள். ஒரு நாள் காலையில் ஒரு போலீஸ்காரர் கடைக்குள் வந்து, நேரே அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். வெளிநாட்டுப் பட்டணம் ஒன்றின் படம் என் கடையில் இருப்பதாக யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கோட்டையா, துறைமுகமா, பாலம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். சந்தை என்றேன். எந்த ஊர்ச் சந்தை என்றார். தெரியாது என்றேன். தெரியாத ஊரை எதற்குச் சுவரில் மாட்டியிருக்கிறாய் என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமாகவே இருந்தது. படம் என்னுடையது இல்லை என்றேன். யாருடையது என்றார். மலேயாவிலோ கோயமுத்தூரிலோ திருப்பத்தூரிலோ இருக்கிற ஒருவருடையது என்றேன்.  என் காதுக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது.

டச்சுக்காரர்கள் போட்ட படம், இருநூறு வருஷம் ஆயிற்று என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்து, பென்சிலை நிறுத்தி, டச்சுக்காரன் நமக்கு வேண்டியவனா, வேண்டாதவனா என்று என்னையே கேட்டார். வேண்டியவன்தான், ஆனால் அவன் ஊரை வேண்டாதவன் பிடித்துவிட்டான் என்று டீக்கடையில் கேட்டதைச் சொன்னேன். அவர் எழுதியதை அடித்தார். மறுபடி எழுதினார். மறுபடி அடித்தார். கெட்ட மனுஷர் இல்லை. நோட்டை மூடிக்கொண்டு சொன்னார்:

"அந்த ஊர் இப்ப யார் பக்கம்னு மேல கேட்டுட்டு வரேன். அதுவரைக்கும் படத்தைத் திருப்பி மாட்டி வை."

கண்ணாடி இல்லாத காலம்

அவர் திரும்பி வரவே இல்லை. படம் சுவரைப் பார்த்தபடியே தொங்கியது. அதற்குள் கண்ணாடி வரத்து நின்றுவிட்டது. கப்பல் இல்லை என்றார்கள். சேலத்திலும் இல்லை, பெங்களூரிலும் இல்லை. உடைந்த ஜன்னல்களிலிருந்து துண்டு பொறுக்கிச் சின்னச் சின்னப் படங்களுக்குப் போட்டு நாளைத் தள்ளினேன். அப்படி ஒரு நாளில், அரூர் ரோட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு குடியானவரும் அவர் சம்சாரமும் வந்தார்கள். துணியில் சுற்றி ஒரு பெரிய போட்டோ கொண்டுவந்திருந்தார்கள். பட்டாளத்துத் தொப்பி போட்ட பையன். மீசை சரியாக முளைக்கவில்லை. பட்டாளத்தில் சேர்ந்ததும் பெங்களூரில் எடுத்துக்கொண்ட படமாம். பர்மாப் பக்கத்தில் செத்துப்போனதாகக் கடுதாசி வந்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கி வாங்குவதற்கே அவர்கள் மூன்று தடவை சேலம் போயிருக்கிறார்கள். கண்ணாடிக்கு இது ஐந்தாவது கடை.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த அம்மா போட்டோவை மடியில் வைத்து, முந்தானையால் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து, திரும்பியிருந்த படத்தை இறக்கினேன். ஆணிகளைப் பிடுங்கி, அந்த பெல்ஜியம் கண்ணாடியை எடுத்தேன். அடுத்தவர் பொருள், அவர் கேட்டுப் போடச் சொன்ன கண்ணாடி, எல்லாம் தெரிந்துதான் எடுத்தேன். கண்ணாடி அறுக்கிற வைரத்தை அதன்மேல் வைத்து இழுத்தபோது வந்த சத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. சரி செய்கிறேனா, தப்பு செய்கிறேனா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. போட்டு முடித்து நீட்டினேன். தகப்பனார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். படத்துக்கு மாலை கீலை போடும்படி மேலே கொக்கி வைக்கட்டுமா என்று கேட்டேன். அந்த அம்மா தலையை ஆட்டி மறுத்துவிட்டுச் சொன்னார்:

"ஈ உக்காராம இருந்தா போதுங்க. அவனுக்கு மொகத்துல ஈ உக்காந்தா ஆகாது."

ஆள் படம்

யுத்தம் முடிந்து ஒரு வருஷத்துக்குப் பிறகு, கிருஷ்ணகிரியிலிருந்து முப்பது முப்பத்தைந்து வயதுள்ள ஓர் அம்மா பஸ்ஸில் வந்து இறங்கி, விசாரித்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். வெள்ளைச் சேலை, கையில் குடை. அங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்றார். பெயர் ரூத். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, மடிப்புப் பிரிந்துபோகாமல் மெல்ல விரித்து என் முன்னால் வைத்தார். என் கையெழுத்து. என் ரசீது. பத்து வருஷம் கழித்து.

அவர் தேவசகாயத்தின் மனைவி. தேவசகாயம் மலேயாவுக்குப் போனது உண்மைதான். அங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் படம் வரைகிற வேலை. யுத்தம் அங்கே வந்த பிறகு கடிதம் நின்றுவிட்டது. அவரைச் சயாம் பக்கம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் இழுத்துப் போனதாக, அங்கிருந்து தப்பி வந்த ஒருவர் சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. தேவசகாயம் முன்னாலேயே அவரிடம் கொடுத்துவைத்திருந்த ஒரு தகரப் பெட்டியை மட்டும் கொண்டுவந்து சேர்த்தார். அதற்குள் இந்த ரசீது இருந்தது.

"எங்க கல்யாணத்தன்னைக்கு எடுத்த போட்டோ ஒண்ணே ஒண்ணுங்க. அதை அவர்தான் கொண்டுபோனார். பெட்டியில அது இல்லை. அவரோட மொகம் வூட்டுல எங்கேயுமே இல்லீங்க" என்றார் ரூத். "இந்த ரசீதைப் பார்த்ததும்தான், போறதுக்கு முன்னால அவர் தன்னோட படத்தை எடுத்து உங்ககிட்ட குடுத்திருக்கிறார்னு தெரிஞ்சுது. எனக்குச் சொல்லாம வெச்சிருந்திருக்கிறார்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. ரசீதை வாங்கிப் பார்த்தேன். என் ரசீதுப் புத்தகத்தில் எப்போதுமே இரண்டே வகைதான் எழுதுவேன். சாமி இருந்தால் சாமி படம். சாமி இல்லாமல் மனுஷர்கள் இருந்தால் ஆள் படம். அதில் நான் எழுதியிருந்தது, 'ஆள் படம், பெரிசு, ஒன்று'.

எத்தனையோ வருஷம் எத்தனையோ பேருக்குத் தெரியாது தெரியாது என்றே பதில் சொன்னவன் நான். அன்றைக்குத் தெரிந்த பதில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. எழுந்துபோய்ப் படத்தை எடுத்து, தூசி தட்டி, அவர் முன்னால் வைத்தேன். ரூத் பார்த்தார். நான் தப்பான படத்தை எடுத்துவிட்டேன் என்று நினைத்து, அடுத்தது வரும் என்று காத்திருந்தார். "இதுதாங்கம்மா" என்றேன். அவர் படத்தைக் கிட்ட இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பித்தார். அந்தக் கூட்டத்தில் எங்காவது இருப்பாரோ என்று தேடுகிற மாதிரி இருந்தது. அது டச்சுக்காரர்கள் பட்டணம், இருநூறு வருஷத்துப் படம், அவர் ஏலத்தில் எடுத்தது என்று மெல்ல மெல்லச் சொன்னேன். அடியில் எழுத்தை வெட்டியதைச் சொன்னேன். கண்ணாடியை எடுத்து யாருக்குக் கொடுத்தேன் என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் வேறொன்று கேட்டார். "அன்னைக்கு அவர் வந்தப்ப எப்படி இருந்தார்? கொஞ்சம் சொல்றீங்களா?"

பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை வந்த ஆள். என்ன சட்டை என்று கேட்டார், நினைவில்லை. குரல் எப்படி என்றார், சொல்லத் தெரியவில்லை. நான் யோசித்துக்கொண்டிருந்தபோது ஒன்று ஞாபகம் வந்தது. வெளியே போகும்போது செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டார். தெருவில் நாலடி நடந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. திரும்பி வந்து என் வாசற்படியிலேயே உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சரியாகப் போட்டுக்கொண்டு போனார். அதைச் சொன்னேன். ரூத்துடைய முகம் அப்படியே மாறிவிட்டது. "அது அவர்தாங்க" என்றார். "அது அவரேதான்." என் வாசற்படியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அந்தப் படத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அளவுக்குக் கண்ணாடி அப்போதும் வரவில்லை. வந்ததும் போட்டு நானே கிருஷ்ணகிரிக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். வேண்டாம், இப்படியே கொடுங்கள் என்றார். கோணியில் சுற்றிக் கயிறு கட்டினேன். பஸ் வரைக்கும் நானே தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, படத்தை நிறுத்திப் பிடித்துக்கொண்டார். பஸ் கிளம்புகிற நேரத்தில் ஏதாவது சொல்ல வேண்டும் என்று, வீட்டில் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ரூத் சொன்னார்:

"வூட்டுல நான் ஒருத்திதாங்க. இத்தனை பேரைக் கூட்டிக்கிட்டுப் போறேன், ஒருத்தர் பேரும் தெரியாது."

அதற்குப் பிறகு சுருட்டிய காகிதத்தோடு யார் படியேறினாலும், அதை விரிப்பதற்கு முன்னால் அவரைத் தலை முதல் கால்வரை ஒரு தடவை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்வது என் வழக்கமாகிவிட்டது. தொழிலில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான், அதனால் என்னைத் துப்பறியும் போலீஸ் என்று நினைத்து வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு.